பெண் வீட்டுப் பாட்டு

"மாப்பிள்ளையப் பெத்தவளாம் மகராசி – அவ
உப்பில்லாம கொழம்பு வெக்கும் கைராசி!"

மைக்கில் பாடிய ஒரு அம்மாவின் குரலில் கள்ளக்குறிச்சிக் கல்யாண மண்டபமே அதிர்ந்தது. பெண் வீட்டுக் கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

பையோடு அப்போதுதான் உள்ளே நுழைந்த பெண்ணின் தாய்மாமன் கொளஞ்சியப்பனுக்கு வியர்த்துவிட்டது. பெங்களூரில் வேலை. நிச்சயதார்த்தத்துக்குக்கூட அவர் வரவில்லை. மைக்செட் அன்சரிடம் ஓடினார்.

"இன்னா தம்பி இது? சம்பந்தியம்மாவ இந்த ஏசு ஏசறாங்க?"

"பொண்ணு வூட்டு ஏசல் பாட்டுண்ணே. கல்யாணத்துல வழக்கம்தான?"

"வழக்கம்தான், ஆனா இது ரொம்ப ஜாஸ்தி! அந்தம்மா கோவிச்சிக்கினு போயிட்டா தாலி ஏறுமா? மைக்க ஆஃப் பண்ணு!"

அதற்குள் அடுத்த அடி வந்துவிட்டது.

"வாயத் தொறந்தா தியாகதுருகம் கோட்டை ஆடும் – அவ
வூட்டுக்கு வர்ற மருமவ காதப் பொத்தி ஓடும்!"

"ஐயோ! சம்பந்தியம்மா எங்கப்பா? கால்ல விழுந்தாவது சமாதானம் பண்றேன்!"

"இப்ப பேச முடியாதுண்ணே. பாடிக்கினு இருக்கறதே அவங்கதான்."

கொளஞ்சியப்பன் வாயைப் பிளந்தார்.

"உங்க பக்கம் ஏசல் பாட ஒருத்தருக்கும் தெரியல. 'ஏசல் இல்லாம என் புள்ளைக்குக் கல்யாணமா'ன்னு அவங்களே எழுந்து வந்துட்டாங்க."

பாட்டு முடிந்தது. சம்பந்தியம்மா மைக்கோடு மாப்பிள்ளை வீட்டார் பக்கம் போய் நின்றார்.

"இப்ப எங்க பதில் பாட்டு!"

அவர் பார்வை பெண் வீட்டுக் கூட்டத்தைத் துழாவி, பையோடு நின்ற கொளஞ்சியப்பன் மேல் வந்து விழுந்தது.

"பொண்ணுக்கொரு மாமன் உண்டாம் பெங்களூரு – அவன்
பந்தி போடும் நேரம் பாத்து வர்றான் பாரு!"