கரையில் இருவர்

கடலைப் பார்க்க வருடத்தில் ஒரு நாள், குடும்பத்துக்கு இரண்டு அனுமதிக் கைப்பட்டை. மூன்றாவது ஆள் குழந்தையாகவே இருந்தாலும் வாசலோடு சரி. அதனால் சிவநேசனும் பூங்கோதையும் மகள் யாழியைச் சாப்பாட்டுக் கூடைக்குள் உட்காரவைத்து, துண்டால் மூடி உள்ளே கொண்டுவந்திருந்தார்கள்.

இப்போது அலை யாழியை இழுத்துப் போய்விட்டது. சிவப்புக் கவுன் மட்டும் தெரிந்தது. நீந்தப் போன சிவநேசனை அலை திரும்பத் திரும்பக் கரையில் எறிந்தது.

"படகை அனுப்புங்க சார்!" பூங்கோதை காவலாளியை உலுக்கினாள்.

அவர் படகின் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார். "ஆளில்லாப் படகும்மா. கைப்பட்டை ஆழமான தண்ணிப் பக்கம் போனாத்தான் கிளம்பும். நீங்க ரெண்டு பேர், ரெண்டு பேரும் கரையில இருக்கீங்கன்னு காட்டுது. எவ்வளவு அமுக்கினாலும் கேக்க மாட்டேங்குது."

பூங்கோதை தன் கைப்பட்டையைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதைச் சோற்று டப்பாவுக்குள் போட்டு மூடி, சிவப்பு தெரிந்த பக்கம் பலம்கொண்ட மட்டும் வீசினாள்.

சைரன் அலறியது. படகு சீறிக் கிளம்பியது. ஒலிபெருக்கி கடற்கரை முழுவதற்கும் அறிவித்தது: "பூங்கோதை, வயது இருபத்தொன்பது, மூழ்கிக்கொண்டிருக்கிறார்."

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்ற பூங்கோதை படகைப் பார்த்துக் கத்தினாள்:

"ஆமா, மூழ்குறேன்! சீக்கிரம் போ!"