சிரிப்பதற்கு முன் ஒரு தலையணை

மாலை வெயில் ஜன்னல் வழியே தரையில் நீண்டு கிடக்கிறது. சிரித்தால், நினைவு தப்பாமலே, உடம்பு துவண்டு விழுந்துவிடும் தூக்க நோய் தங்கைக்கு. அதனால் அண்ணன் இந்த வீட்டில் வேடிக்கையாகப் பேசியே மாதக்கணக்காகிறது. இன்று அவளே குழந்தையைக் கணவனின் மடியில் விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்கிறாள். "இப்பச் சொல்லுண்ணா." அண்ணன் அவள் கணவனின் வழுக்கைத் தலையைப் பார்க்கிறான். "மாப்பிள்ளை தலையில ஒரு முடி இல்ல. ஆனா பையில பாரு, ரெண்டு சீப்பு!" "என் தலைதான் கிடைச்சுதா மச்சான்?" என்கிறான் கணவன். அவள் சிரிப்பு பாதியிலேயே அவிழ்கிறது. தாடை தொங்குகிறது, தலை சரிகிறது, கைகள் வெயிலில் விழுகின்றன. அண்ணன் சட்டென மண்டியிட்டு அவள் விரல்களைப் பற்றுகிறான். மூடிய இமைகளுக்குக் கீழே உதடு மட்டும் குழறுகிறது: "நிறுத்தாத... மேல சொல்லு."