உள்ளங்கை அளவு ஒரு துண்டு

குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மறுபடியும் கையில் சோப்பைத் தேய்த்தார். நக இடுக்கு, விரல் சந்து, உள்ளங்கை ரேகை என்று எதையும் விடவில்லை. யாராவது பார்த்தால், எவரையோ தீர்த்துக்கட்டிவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

பாவம், கொசுவை அடிக்கக்கூட அந்த மனுஷருக்குக் கை வராது. அவர் செய்த குற்றமே வேறு. வாஷ்பேசின் ஓரத்தில் இருந்த சாப்பாட்டு டப்பாவுக்குள் ஒரு கல்லை வைத்து வீட்டுக்குக் கடத்திக்கொண்டு வந்திருந்தார்.

சாதாரணக் கல்லா அது? மண்ணுக்குள்ளிருந்து வந்த அசல் கிராஃபைட். பென்சில் முனையில் இருக்குமே, அதனுடைய தாய்க் கட்டி. தொட்டால் போதும், விரலெல்லாம் கறுப்பு. மனுஷர் சும்மா இருந்தாரா? கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அதை எடுத்து எடுத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

கூடத்து அலமாரி முழுக்க இந்த வகையறாதான். பழுப்பு நிலக்கரி, கண்ணாடியாக மின்னும் ஆந்த்ரசைட் என்கிற கெட்டி நிலக்கரி, இலைத் தடம் பதிந்த கறுப்புப் பாறை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. இவர் அவற்றைக் 'கனிமம்' என்பார். மனைவி 'கரி' என்பார்.

"வைரமும் இந்த வம்சம்தான்னு பெருமையடிக்கிறீங்களே, அதுல ஒண்ணு மட்டும் ஏங்க நம்ம வீட்டுக்கு வழி தெரியாம நிக்குது?" என்று மனைவி கேட்பார். உடனே இவர் அலமாரியைத் துடைக்கப் போய்விடுவார்.

மனைவி மேல்வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். அவர் சொல்லச் சொல்ல எழுதினால் ஓர் எழுத்துக்கூடப் பிசகாது என்று பள்ளிக்கூடமே சொல்லும். கோபம் வந்தாலும் உச்சரிப்பு கெடாது. அதுதான் இவருக்கு இன்னும் பயம்.

போன மாதம் இவருடைய பேன்ட் பாக்கெட்டில் கிடந்த ஒரு நிலக்கரித் துண்டு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. டீச்சரின் வெள்ளைப் புடவையெல்லாம் காக்காய் நிறத்தில் வெளியே வந்தது. அன்றைக்கே தீர்ப்பும் வந்தது.

"இன்னும் ஒரே ஒரு துண்டு இந்த வீட்டு வாசப்படி ஏறட்டும். அலமாரியோட அத்தனையும் பழைய சாமான்காரருக்குப் போயிடும்!"

சொன்னால் செய்கிறவர். அதனால்தான் இந்தக் கை கழுவல்.

"என்னங்க, உள்ள என்ன இவ்வளவு நேரம்?" டீச்சர் கதவருகே வந்து நின்றார். "கையை இந்தத் தேய் தேய்க்கிறப்பவே சந்தேகமா இருக்கு. உண்மையைச் சொல்லுங்க. கறிதானே?"

குழாய் கொட்டுகிற சத்தத்தில் இவர் காதில் விழுந்தது அதுதான். போன உயிர் அப்படியே திரும்பி வந்தது. அட, கறியா!

கொழுப்பு ஏறியிருக்கிறது, கறியைத் தொடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வெளியே தின்றுவிட்டு, வாசனை போகக் கழுவுகிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. கறிக்கு என்ன, நாலு திட்டு. கல்லுக்கு அலமாரியே காலி. திட்டு வாங்குவதே லாபம் என்று முடிவு செய்தார்.

"ஆமாம்மா," என்று அசடு வழிந்தார். "ஆசை யாரை விட்டுது?"

"எவ்வளவு?"

"ஒரே ஒரு துண்டுதான். உள்ளங்கை அளவு."

"யாரு குடுத்தது?"

"பழைய சிநேகிதன் ஒருத்தன். ஆசையா நீட்டறான், வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

"இப்ப அது எங்க இருக்கு?"

இது என்ன கேள்வி? ஆனாலும் பொய் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் இவரும் கூடவே ஓடினார். "எங்க இருக்கும்? வயித்துக்குள்ளதான்!"

டீச்சரின் புருவம் ஏறியது. "வயித்துக்குள்ளயா?"

"பின்ன? எண்ணெய் மினுமினுக்க வறுத்தது. வாயில வெச்சா அப்படியே கரையுது. டாக்டர் ஞாபகமே வரலம்மா, மன்னிச்சுடு."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு இவரையே பார்த்தார். கோபத்தை அடக்குகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"சரி. நாளையிலருந்து மூணு வேளையும் அவிச்ச காய்தான். அதுலயும் அரை உப்பு. விடிஞ்சதும் என்கூட நடக்க வரணும். அந்தச் சிநேகிதர் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

"சத்தியமாம்மா. இனிமே கறின்னு வாயால கூடச் சொல்ல மாட்டேன்."

உள்ளுக்குள் துள்ளிக் குதித்தார். அவித்த காய் என்ன, பச்சைப் புல்லைப் போட்டாலும் தின்னத் தயார். அலமாரி பிழைத்ததே, அது போதும்! குழாயை மூடினார். கையைத் துடைத்தார். ஒன்றுமே தெரியாதவர்போல டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்ல நழுவப் பார்த்தார்.

டீச்சர் வழி விடவில்லை. கையை நீட்டி டப்பாவை வாங்கினார். ஒரு குலுக்குக் குலுக்கினார். உள்ளே 'லொடக்' என்றது.

குழாய்ச் சத்தம் நின்றுபோன அமைதியில், வகுப்பில் சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னார்:

"நீங்க ஒத்துக்கிட்டது பெரிய 'றி'. நான் கேட்டது சின்ன 'ரி'ங்க."