பாதி முட்டை

குப்பத்துப் பள்ளி வராண்டாவில் லோகநாயகி டீச்சர் அர்ச்சனாவின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிடுகிறார். அவள் தட்டைப் பார்ப்பதில்லை, சாப்பிடு என்று சொல்வதுமில்லை. நேற்றைய சீரியலைப் பற்றியே பேசுகிறார். குண்டாகிவிடுவோம் என்று பயந்து பயந்து எலும்பாகிப் போன பெண், மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றுதான் சத்துணவு முட்டையில் பாதியைத் தின்றிருக்கிறாள். மீதிப் பாதி விரல்களுக்கு நடுவே வெயிலில் மஞ்சளாக மின்னுகிறது. பழவேற்காடு மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் அவள் அம்மா மீன்கூடையோடு உள்ளே வருகிறாள். “இன்னா டீச்சர், துன்றாளா எம்பொண்ணு?” கூடையை இறக்கிவிட்டு, மீன் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கிற அதே கட்டைவிரலால் மகளின் கையை அமுக்குகிறாள். “பார்றா! சதை வச்சிக்கினு, கொடுவா மீனு கணக்கா கீறடி!” டீச்சர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகக் குறுக்கிடுகிறார். “அம்மா, வேணாம்மா…” “நீ சொன்னாமேரி ஒல்லின்னு ஒரு வார்த்தை சொன்னனா? நல்லதுதான டீச்சர் சொல்றேன்!” அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. அர்ச்சனா முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, அம்மா அமுக்கிய கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொள்கிறாள். “போதும் டீச்சர்” என்கிறாள், மிகவும் மரியாதையாக.