மிஞ்சிய அரிசி

கடல் ஏறி வயலெல்லாம் உப்பாகிப் போனபின் ஊரில் மிஞ்சியது ஒரே ஓர் அரிசிமணி. சோறூட்டும் நாளில் கோவிலில் குருக்கள் அதை வெள்ளி இடுக்கியால் எடுத்து ஒரு குழந்தையின் நாக்கில் ஒற்றுவார். உடனே எடுத்துத் துடைத்து அடுத்த குழந்தையிடம் நகர்வார். இந்த முறை அல்லியின் மகள், ஆறுமாதக் குழந்தை, அதை விழுங்கிவிட்டாள். குருக்கள் அவள் வாய்க்குள் விரல்விட்டுத் துழாவினார். ஒன்றுமில்லை. வரிசையில் நின்ற தாய்மார்கள் நெருங்கினார்கள். அவர்கள் மூச்சு அல்லியின் கழுத்தில் சுட்டது.

“எம்புள்ளைக்கு என்னடி பதில்?” என்றாள் ஒருத்தி.

“நாளைக்கு வெளிய வந்துரும்க்கா. கழுவிக் குடுத்துர்றேன்,” என்றாள் அல்லி, குழந்தையை இறுக்கிக்கொண்டு.

“நாளை வரைக்கும் எவ காத்திருப்பா?”

யாரோ கோவில் கதவைச் சாத்தித் தாழிட்டார்கள். குழந்தை சப்புக்கொட்டிவிட்டு, இன்னும் வேண்டுமென்று வாயை அகலத் திறந்தது.