காகிதத்துக்குள் ஒரு தலை

பழவேற்காட்டுக் கோட்டைச் சன்னல் வழியே காலை வெயில் மேசைமேல் சாய்கிறது. எல்லப்பன் வேலம்மாவுக்கு விற்ற மனையின் மண் ஒரு பிடி, அவள் முந்தானை முடிச்சில் இருக்கிறது. நேற்றுவரை ஊரார் முன்னால் மண்ணை அள்ளிக் கொடுத்தாலே மனை கைமாறிவிடும். இனி கோட்டையை ஆளும் டச்சுக்காரரான ஒல்லாந்தரின் காகிதத்தில் வாங்குகிறவர் கைக்கீறல் போட்டால்தான் செல்லுமாம். அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி பத்திரத்தை வாசித்துக் காட்டியும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. காகிதத்தைத் தூக்கி வெயிலில் பிடிக்கிறாள். எழுத்துக்குப் பின்னால், மையே இல்லாமல், குல்லாய் போட்ட ஒரு தலை தெரிகிறது. தாழ்த்தினால் மறைகிறது, தூக்கினால் மறுபடி வந்து நிற்கிறது. "யாரு சாமி இவன்?" "காகிதம் செஞ்சவன் போட்ட அடையாளம்மா. எல்லாக் காகிதத்துலயும் இருக்கும்." துபாஷி சிரித்தபடி இறகுப் பேனாவை நீட்டுகிறார். வேலம்மா வாங்கவில்லை, முடிச்சை இறுக்கிப் பிடிக்கிறாள். "அப்போ எங்க எல்லாரு மனையிலயும் இவன் மின்னாடியே வந்து குந்திக்கினானா சாமி?"