எண் மட்டும் எழுதிய புட்டி

திருப்பதி ஆய்வகத்தில் ஜாபேஸ் தயாரிக்கும் மருந்துகளை அவன் மனைவி ஹன்னாதான் சோதிப்பாள். பாரபட்சம் கூடாதென்று புட்டிகளில் எண் மட்டுமே இருக்கும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் என்சைமை இந்த இருபது மருந்துகளில் ஒன்றாவது தடுக்காவிட்டால் ஆய்வு நின்றுவிடும். அவளை விட்டுவிட்டு அவன் ஐதராபாத் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான்.

“பதினாறும் அவுட்டு. பெட்டி கட்டிக்கினு கெளம்புங்க.”

“இன்னும் நாலு இருக்குதில்ல?”

பதினேழாவதைச் சோதித்தவள் துள்ளினாள். “என்சைம் அப்படியே நின்னுபோச்சுங்க! மூணு தபா பார்த்துட்டேன். ஜெயிச்சிட்டீங்க!”

“நானா?”

ஜாபேஸ் பட்டியலைப் பிரித்தான். பதினேழுக்கு நேராக ஒரு மூலக்கூறின் படம். ‘இது சரிவராது’ என்று போன மாதம் ஹன்னா வரைந்து, அவளே கிழித்துப் போட்டது. அவன் பொறுக்கி ஒட்டி, அதன்படியே பதினேழைத் தயாரித்திருந்தான்.

“உன்னோடதுன்னு சொல்லியிருந்தா, சோதிக்காமலே தூக்கிப் போட்டிருப்பே!”